பண்ணும் பழக்கமும்

கலைகளை இருவகையாகப் பகுக்கலாம். ஒருமுறை செய்து வைத்தால், செய்தவன் மறைந்த பின்னும் நின்று நிலவுவன ஒருவகை. செய்யுந்தோறும் பிறந்து, செய்து முடிந்த கணமே மறைவன மற்றொருவகை. சிற்பமும் ஓவியமும் காவியமும் முன்னதைச் சாரும். இசையும் கூத்தும் பின்னதைச் சாரும். தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானம் ஆயிரம் ஆண்டுகளாக மீண்டும் கட்டுவார் இன்றியே நிற்கின்றது. அக்கோயிலில் அன்று பாடப்பெற்ற பண்ணோ, நாள்தோறும் ஒருவர் மிடற்றிற் புதிதாகப் பிறந்தாலன்றி நிற்பதில்லை. பாடுவார் இல்லாதவிடத்து ஏடு உண்டு, சொல் உண்டு, சுரக்குறிப்பும் இருத்தல் கூடும், இசை மட்டும் இல்லை.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், இசைப்பயிற்சி பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கருத்து எத்துணைக் குறைபாடுடையது என்பது விளங்கும். பயிற்சி என்பது கலையாகிய மாளிகைக்கு ஏறிச்செல்லும் படி எனவும், மேலே சென்றடைந்தபின் படியின் தேவை ஒழியும் எனவும் பலர் எண்ணுகின்றனர். வேறு சிலர், இசை பிறவியிலேயே வரும் பேறு, பயிற்சி அப்பேறு இல்லாதாருக்கு விதிக்கப்பட்ட தண்டம் என்பர். இன்னுஞ் சிலர், மணிக்கணக்கைக் கூட்டினால் வித்துவம் தானே வந்து சேரும் என்பர். இம்மூன்று கொள்கைகளும் நம் பழைய நூல்களும் சாசனமும் தரும் சான்றுக்கு முன்னும், இக்கால ஆராய்ச்சிக்கு முன்னும் நிற்கமாட்டா. இசைக்குப் பயிற்சி படியன்று. இசை குடியிருக்கும் இல்லமே அது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் சொல்லை நோக்குவாம். பயில்தல் என்னும் வினைக்குக் கற்றல், பழகுதல் என்னும் பொருள்களோடு, தங்குதல், செறிதல், கூடுதல் என்னும் பொருள்களும் உண்டு. ஒன்றைப் பயில்வோன் அதனோடு தங்குகின்றான், அதனோடு செறிகின்றான். சங்கீத வித்துவான்கள் வழங்கும் சாதகம் என்னும் வடசொல், முயன்று கைகூடச் செய்தலைக் குறிப்பது. ஒரு சொல் அடையும் பயனைச் சுட்டுகின்றது. மற்றது உடன் உறைதலைச் சுட்டுகின்றது. பயன் கருதி மட்டும் செய்யும் பயிற்சி, பயன் கிடைத்தவுடன் நின்றுவிடும். உடன் உறைதலாகச் செய்யும் பயிற்சிக்கு நிறுத்தம் இல்லை. இவ்விரு கருத்தும் ஒருங்கே வேண்டப்படுவன என்பதைப் பின்னர்க் காண்போம்.

இசைப்பயிற்சி பற்றித் தமிழிலக்கியம் தரும் சான்றுகளுள் தலையாயது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. மாதவி ஐந்தாம் ஆண்டிற் பயிலத் தொடங்கினாள், ஏழாண்டு பயின்றாள், பன்னிரண்டாம் ஆண்டிற் சோழமன்னன் அவையில் அரங்கேறித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். இக்காதையைக் கற்பிப்போரும் கற்போரும் பெரும்பாலும் பொன்னையும் பட்டத்தையும் வியந்து அமைவர். இளங்கோவடிகள் தம் கருத்தை எங்கே செலுத்தினார் என்று நோக்கினால் வேறொன்று தோன்றும். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவர்தம் தகுதியையும் அவர் தனித்தனியே விரித்துரைக்கின்றார். அரங்கின் அகலம் ஏழுகோல், நீளம் எட்டுக்கோல், உயரம் ஒருகோல் எனவும், அக்கோல் இருபத்துநான்கு விரல் அளவினது எனவும் கணக்கிட்டுச் சொல்லுகின்றார். அரங்கைக் கோலால் அளந்த புலவர், கல்வியை ஆண்டால் அளந்தார். ஏழாண்டு என்பது அவர் குறித்து வைத்த அளவுகளுள் ஒன்று. வெறும் அலங்காரச் சொல்லன்று.

ஆயினும் அவ்வேழாண்டும் எவ்வாறு கழிந்தன என்பதை அவர் விரித்துரைத்திலர். இதனைக் குறையென்று கொள்ளலாகாது. அரங்கேற்றம் ஒரு நிகழ்ச்சி. அதனைக் கதையாகச் சொல்லலாம். நாட்பயிற்சியில் நேற்று நிகழ்ந்ததே இன்றும் நிகழும்; இன்று நிகழ்ந்ததே நாளையும் நிகழும். அது கதைக்கு அகப்படாது. கதைக்கு அகப்படாத காரணத்தாலேயே கேட்போர் அதனை மறந்துவிடுகின்றனர். வித்துவான் ஒருவர் மேடையில் அமர்ந்திருக்கும் இரண்டு மணிநேரத்தை நாம் காண்கின்றோம். அதன்பின் நிற்கும் வைகறைகளைக் காண்பதில்லை. காணாதவற்றை இல்லாதவையெனக் கொண்டு, கண்டதற்கு வரப்பிரசாதம் என்று பெயரிடுகின்றோம்.

அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் இருபத்தைந்து அடிகளே விபுலானந்த அடிகளாரின் யாழ் நூலுக்கு வித்தாயின. 1892 ஆம் ஆண்டில் காரைதீவிற் பிறந்து, கீழ்மாகாணத்தில் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பேணி வளர்த்து, நம் திருக்கோணமலை மாணவர்க்கும் வழிகாட்டிய அடிகளார், ஆண்டுகள் பல உழைத்து அந்நூலை ஆக்கினார். 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் இறைவனடி சேர்ந்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் என்பவற்றின் அமைப்பையும் நரம்புகளின் அலகுகளையும் கணித முறையால் அவர் மீட்டுத் தந்தார். தமிழ் இசையாராய்ச்சியில் இதனினும் பெரிய முயற்சி அரிது.

இப்பெருமுயற்சியே நம் பொருளுக்குக் கூர்மையான சான்றாகவும் அமைகின்றது. அடிகளார் மீட்கும்படி யாழ் ஏன் இழக்கப்பட்டது? நூல் இல்லாமையால் அன்று. சிலம்பும் அதன் உரைகளும் இருந்தன. பத்துப்பாட்டிலே யாழின் உறுப்புகள் ஒவ்வொன்றாக வருணிக்கப்பட்டுள்ளன. வாசிக்கும் கை தலைமுறை தலைமுறையாகத் தொடராது அறுந்தமையே இழப்புக்குக் காரணம். அமைப்பை ஆராய்ந்து மீட்கலாம். அலகைக் கணித்து மீட்கலாம். பாணர் விரல் நரம்பை எவ்வாறு வருடியது, எங்கே அழுத்தியது, எங்கே விட்டது என்பதை எந்த நூலும் காத்துத் தரவில்லை, தரவும் இயலாது. கைப்பழக்கம் கையிலிருந்து கைக்கே செல்லும். இடையில் ஒரு கை ஓய்ந்தால், அடுத்த கை வெறுங்கையாகவே நிற்கும்.

இதற்கு நேர்மாறான வரலாறு ஒன்றைத் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. தில்லையிலே அடைத்துவைக்கப்பட்டிருந்த தேவார ஏடுகளைச் செல்லரித்தது. எஞ்சிய பதிகங்களைத் தொகுத்த பின்னர் அவற்றின் பண் இன்னதென அறிய வழியில்லை. அப்போது எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தி பண்முறை அறிந்தவளாகக் காணப்பட்டாள். அவள் வாயிலாகப் பண்கள் வகுக்கப்பெற்றன. இவ்வரலாற்றின் ஒவ்வொரு கூறும் சரித்திர உண்மையா என்று ஆராய்வது வேறு. அது புலப்படுத்தும் கருத்து ஐயத்துக்கிடமற்றது. ஏட்டிலே பூட்டி வைத்தது கெட்டது. வீட்டிலே பாடி வந்தது பிழைத்தது. பெயர்கூடச் சொல்லப்படாத அப்பெண் எந்த மன்னன் அவையிலும் அரங்கேறியவளாகச் சொல்லப்படவில்லை. தன் முன்னோர் பாடியதைப் பாடிக்கொண்டிருந்தாள், அவ்வளவே. அதனால் ஒரு மரபு காப்பாற்றப்பட்டது.

சோழப் பேரரசன் முதலாம் இராசராசன் இவ்வுண்மையை நன்குணர்ந்திருந்தான் என்பதற்குத் தஞ்சைப் பெரியகோயிற் சாசனம் சான்று. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வதற்கு நாற்பத்தெண்மரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையுமாக ஐம்பதின்மரை அவன் நியமித்தான். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் கூலியாக விதித்தான். விழாவுக்கு இவ்வளவு, பாட்டுக்கு இவ்வளவு என்று விதியாது, நாளுக்கு இவ்வளவு என்று விதித்தது கருதத்தக்கது. நாள்தோறும் உண்பவன் நாள்தோறும் பாடவேண்டும். அவருள் ஒருவர் இறந்தாலோ ஊர்விட்டுப் போனாலோ, அவருக்கு அணுக்க உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடலாம். அவ்வுறவினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பாடுவித்தல் வேண்டும் என்பதும் அச்சாசன விதி. பிறப்புரிமையைப் பெரிதாக மதித்த காலத்திலே, இசையைப் பொறுத்தவரை பிறப்பு மட்டும் போதாது, தேர்ச்சி வேண்டும் எனக் கல்லிலே எழுதிவைத்தனர். பிறவிப்பேறு என்று பேசுவோர்க்கு இதனினும் நல்ல விடை வேறில்லை.

தஞ்சையிலிருந்து நம் ஊருக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் திருக்கோணமலையைப் பாடிய பதிகம் மூன்றாந் திருமுறையில் உள்ளது. அதன் பண் புறநீர்மை. பகற்பண்களின் வரிசையில் முதலில் வைக்கப்படுவதும், விடியற்காலைக்கு உரியதாகக் கொள்ளப்படுவதும் இப்பண்ணே. ஓதுவார்கள் இதனைப் பூபாள இராகத்திற் பாடுவது மரபு. கிழக்கே கடலை நோக்கி நிற்கும் கோணமலையில் ஞாயிறு எழுங்காலம் நின்றவர்க்கு இப்பொருத்தம் சொல்லாமலே விளங்கும்.

1622 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் அம்மலைக்கோயிலை இடித்தனர். அதன் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன. கோணநாதர் வழிபாடு தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் ஆலயத்திலே தொடர்ந்தது. 1950 ஆம் ஆண்டிற் கிணறு தோண்டியபோது பழைய திருவுருவங்கள் கிடைத்தன. 1963 ஆம் ஆண்டில் மலைமேற் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இடையில் முந்நூற்றுநாற்பது ஆண்டுகள் கழிந்தன. இக்காலமெல்லாம் கோணமலையிற் பழைய கோயில் இல்லை. பதிகம் மட்டும் வேறு வேறு ஊர்களில் ஓதுவார் நாவிலும் அடியார் நாவிலும் இருந்துவந்தது. கல்லினும் வலியது நாவென்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் கல்லை ஒருமுறை இடித்தாற் போதும். நாவிலுள்ளதை அழிப்பதற்கு ஒரு தலைமுறை முழுவதும் வாய்மூடியிருத்தல் வேண்டும். பகைவரால் எளிதில் ஆகாத அச்செயல் நம் சோம்பலால் எளிதில் ஆகிவிடும் என்பதே அஞ்சத்தக்கது.

இனி, பயிற்சியால் எல்லாம் ஆகும் என்பாரையும் நோக்கவேண்டும். திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தரின் பதிகங்களையெல்லாம் தம் யாழிலிட்டு வாசித்து உடன்சென்றவர். அவர் சுற்றத்தார், யாழில் இட்டு வாசிப்பதனாலேயே பதிகம் சிறக்கின்றது என்று பேசினர். யாழ்ப்பாணர் அதற்கு அஞ்சி, யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருளுமாறு சம்பந்தரை வேண்டினார். தருமபுரத்திலே யாழ்மூரிப் பதிகம் பிறந்தது. அது கருவியிலே அடங்காமை கண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்கத் துணிந்தார். சம்பந்தர் தடுத்து, இயன்றவாறு வாசித்து வருக என்றருளினார். இதனைச் சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறுகின்றார்.

இவ்வரலாற்றைப் பயிற்சியின் தோல்வியாகப் படிப்பாரும் உளர். அது பொருந்தாது. தம் கலைக்கு எல்லையுண்டு என்பதை அறிந்தவர் யார்? சுற்றத்தார் அறிந்திலர்; கேட்டோர் அறிந்திலர். நாள்தோறும் நரம்போடு உறைந்த யாழ்ப்பாணர் ஒருவரே அறிந்தார். பயிலாதவனுக்குத் தன் குறை தெரியாது. அரைகுறையாகப் பயின்றவனுக்குத் தன் குறை பிறர் குறையாகத் தோன்றும். நன்கு பயின்றவனுக்கே எது தன் விரலின் குறை, எது கருவியின் எல்லை என்பது தெரியும். பயிற்சி தரும் பேறுகளுள் செவியின் கூர்மையே தலையாயது. விரலின் விரைவு அதற்குப் பின்னரே. கருவியை உடைக்கவேண்டா, இயன்ற அளவில் வாசிக்க என்ற சம்பந்தர் அருளுரை, பயில்வோர் எல்லார்க்கும் உரியது. முழுமை கைவராது என்பதற்காக நாட்பயிற்சியைக் கைவிடலாகாது.

அங்ஙனமாயின் நல்ல பயிற்சி என்பது யாது? கருநாடக இசையைப் பயிற்றும் முறையை வகுத்தவர் என மரபு போற்றும் புரந்தரதாசர் பதினாறாம் நூற்றாண்டினர். சரளி வரிசை, சண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று அம்முறை படிப்படியாக ஏறும். தொடக்கப் பயிற்சிக்கு மாயாமாளவகௌளை இராகம் அமைந்தது ஆழ்ந்த அறிவின் பயன். சட்சம் முதல் மத்திமம் வரையுள்ள சுரங்கள் எவ்விடைவெளியில் நிற்கின்றனவோ, அவ்விடைவெளியிலேயே பஞ்சமம் முதல் மேற்சட்சம் வரையுள்ளவையும் நிற்கும். கீழ்ப்பாதியிற் கற்றதை மேற்பாதியிற் செவி தானே சரிபார்த்துக்கொள்ளும். ஏழு தாளங்களும் ஐந்து சாதிகளால் முப்பத்தைந்தாகி அலங்காரங்கள் விரியும். ஒவ்வொன்றையும் மூன்று காலத்திலும் பாடவேண்டும். முதற்காலத்தில் ஓரெழுத்து நின்ற இடத்தில் மூன்றாங்காலத்தில் நான்கு நிற்கும். தாளம் போடும் கையின் வேகம் மாறலாகாது. கைக்கும் நாவுக்கும் செவிக்கும் இடையே இவ்வொழுங்கு படியாதவரை, கீர்த்தனம் எத்தனை கற்றாலும் அது மனப்பாடமேயன்றி இசையன்று.

இதில் இளையோர் பெரிதும் பிழைபடுவது முதற்காலத்திலே. அது எளிதென்றும் சலிப்பூட்டுவதென்றும் விட்டுவிட்டு மூன்றாங்காலத்துக்கு விரைவர். விரைவு பிழையை மறைக்கும். நிதானமே பிழையைக் காட்டும். சுருதியிலிருந்து மயிரிழை விலகிய காந்தாரம் மூன்றாங்காலத்தில் ஓடி மறைந்துவிடும். முதற்காலத்தில் அது நின்று நாணும். மேலும் பயிற்சிக்கு நன்மை தீமை தெரியாது. சரியானதை நூறுமுறை பாடினால் அது வலுப்பெறும். பிழையானதை நூறுமுறை பாடினால் அதுவும் வலுப்பெறும். இக்காரணத்தால் நல்லாசிரியர் மாணவனைத் தனியே பாடவிடுவதற்கு முன், தம் முன்னிலையிலே நெடுங்காலம் பாடவைப்பர். மாணவனுடைய செவி ஆசிரியரின் செவியாக மாறிய பின்னரே தனிப்பயிற்சி பயன்தரும்.

திரும்பத் திரும்பச் செய்தல் வேறு, பயிற்சி வேறு என்பதற்கு நம் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பல ஆலயங்களிற் பூசைக்காலத்திலே மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் முழங்குகின்றன. அப்பொறி ஆண்டு முழுவதும் தவறாது அடிக்கின்றது; ஆயிரம் நாள் அடித்த பின்னும் முதல்நாள் அடித்தவாறே அடிக்கின்றது. அதற்குச் செவியில்லை. செவியின்றிச் செய்யும் சாதகம் அப்பொறியின் முழக்கம் போல்வதே.

செவியோடு கூடிய சாதகம் எத்துணை உயரத்துக்குக் கொண்டுசெல்லும் என்பதற்கு ஈழத்திலே தவில்மேதை தட்சணாமூர்த்தி சான்று. 1933 ஆம் ஆண்டிற் பிறந்து 1975 ஆம் ஆண்டில் மறைந்த அவர், நாற்பத்திரண்டு ஆண்டுகூட நிறைவாக வாழ்ந்திலர். இளமையிலேயே தந்தையார் விசுவலிங்கத்திடம் பாடங்கேட்கத் தொடங்கி, தமிழகத்து முன்னணி நாகசுர வித்துவான்களும் விரும்பியழைக்கும் நிலையை அடைந்தார். தவில் மென்மையான கருவியன்று. வலக்கை விரல்களிற் கூடணிந்து, இடக்கையிற் கழிகொண்டு அடிக்கும் அக்கருவியிலே, வலிமை எவருக்கும் வரும். நுண்மை வருதல் அரிது. கேட்டவர் இன்றும் வியந்து பேசுவது அந்நுண்மையையும் கணக்கின் தெளிவையுமே. இசைவேளாளர் குடும்பங்களிலே பிள்ளைகள் முதலில் வாயாற் சொற்கட்டுச் சொல்லிக் கையால் தாளமிட்டுப் பழகிய பின்னரே கருவியைத் தொடுவர். வீட்டிலே எப்போதும் ஒரு கை ஏதேனுமொரு பலகையிலே சொல் போட்டுக்கொண்டிருக்கும். அத்தகைய சூழலிற் பிறந்ததைப் பிறவிப்பேறு என்றால் தடையில்லை. பயிற்சி நிறைந்த வீட்டிற் பிறத்தலே அப்பேறு.

மேனாட்டாரும் இப்பொருளை அளந்து பார்த்துள்ளனர். 1993 ஆம் ஆண்டிலே அண்டர்ஸ் எரிக்சனும் அவர் துணைவரும் பேர்ளின் நகரத்து இசைக்கல்லூரியில் வயலின் பயின்ற மாணவரை ஆராய்ந்தனர். மிகச் சிறந்தவர் எனக் கொள்ளப்பட்டோர் பதினெட்டு வயதுக்குள் சராசரி 7,410 மணிநேரமும், நல்லவர் எனப்பட்டோர் 5,301 மணிநேரமும், இசையாசிரியப் பயிற்சிக்குச் சென்றோர் 3,420 மணிநேரமும் தனித்துப் பயின்றிருந்தனர் என்று கண்டனர். சிறந்தோர் முற்பகலிலேயே பெரிதும் பயின்றனர். களைத்தபோது ஓய்வும் கொண்டனர். இவ்வாராய்ச்சி 2008 ஆம் ஆண்டிலே மல்கம் கிளாட்வெல் எழுதிய நூலால், பத்தாயிரம் மணிநேரம் பயின்றால் எவரும் மேதையாவர் என்னும் வாய்பாடாக உலகெங்கும் பரவியது. எரிக்சன் அவ்வாறு சொல்லவில்லை. சராசரியை விதியாகக் கொள்ளலாகாது என்றே பின்னர் மறுத்துரைத்தார். 2014 ஆம் ஆண்டிற் புரூக் மக்னமாராவும் துணைவரும் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துநோக்கி, இசைத்திறனில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு 21 பங்கையே பயிற்சியின் அளவு விளக்கும் என்றனர்.

இவ்வெண்ணைக் கண்டு பயிற்சிக்கு மதிப்பில்லை எனக் கொள்வது தவறு. எவ்வளவு நேரம் பயின்றாய் என்ற கேள்விக்கு வரும் விடையே இங்கு அளக்கப்பட்டது. எவ்வாறு பயின்றாய், யாரிடம் பயின்றாய், எந்தச் செவியோடு பயின்றாய் என்பன மணிக்கணக்கில் அடங்கா. ஒருவருக்கு ஓராண்டில் வருவது மற்றொருவருக்கு ஐந்தாண்டில் வரலாம். இயல்பிலே ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பயிலாமலே வந்தவர் என்று ஒருவரையும் அவ்வாராய்ச்சிகள் காட்டவில்லை. இயல்பு, எவ்வளவு விரைவில் என்பதைத் தீர்மானிக்கலாம். வருமா வாராதா என்பதைப் பயிற்சியே தீர்மானிக்கின்றது.

மற்றொரு தடையும் எழுப்பப்படும். இடைவிடாத பயிற்சி மனத்தைப் பொறியாக்கிவிடும், கற்பனையைக் கெடுக்கும் என்பர். நம் இசையிலே மனோதருமம் எங்கிருந்து வருகின்றது என்று நோக்கினால் இத்தடை நீங்கும். கற்பனைச்சுரம் பாடும் வித்துவான் அக்கணத்திற் புதிதாகக் கோக்கும் ஒவ்வொரு சுரத்தொடரும், முன்பு அலங்காரத்திலும் வர்ணத்திலும் பழகிய அசைவுகளின் புதிய கூட்டமே. சொல்வளம் இல்லாதான் கவிபாடான். அதுபோலச் சுரவளம் இல்லாதான் கற்பனை செய்யான். விரல் எங்கே செல்லும் என்று அஞ்சிக்கொண்டிருக்கும் மனத்துக்குக் கற்பனை செய்ய ஓய்வேது? விரல் தானே செல்லும் நிலை வந்தபின்னரே மனம் விடுதலை பெறுகின்றது. பயிற்சி கற்பனைக்குப் பகையாவது, செவி உறங்கும்போது மட்டுமே.

இனி நம் மாவட்டத்து நிலையை எண்ணுவோம். 1931 ஆம் ஆண்டு தொடக்கம் வட இலங்கைச் சங்கீத சபை தமிழ்ப்பிள்ளைகளுக்குத் தரந்தோறும் பரீட்சை நடாத்தி வருகின்றது. கருநாடக சங்கீதம் க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கும் ஒரு பாடமாக உள்ளது. குடும்ப மரபிலே மட்டும் நின்ற இசையை எளியவர் வீட்டுப் பிள்ளைக்கும் திறந்துவிட்ட இம்முறை போற்றத்தக்கது. குறை முறையில் இல்லை. அதனை நாம் கொள்ளும் விதத்திலே உள்ளது. பரீட்சை பயிற்சியின் அளவுகோல். நாமோ அதனைப் பயிற்சியின் முடிவாகக் கொள்ளுகின்றோம். பரீட்சைக்கு முந்திய பதினைந்து நாளும் நாளுக்கு நான்கு மணிநேரம் பாடுகின்ற மாணவன் ஆண்டுக்கு அறுபது மணிநேரம் பாடியவனாகின்றான். நாள்தோறும் அரைமணிநேரம் பாடுகின்றவன் நூற்றெண்பது மணிநேரத்துக்கு மேற் பாடியவனாகின்றான். மாதவியின் ஏழாண்டுக் கணக்கில் இவ்விருவரையும் வைத்துப் பார்த்தால், முன்னவன் நானூற்றிருபது மணிநேரத்தோடு நிற்பான். பின்னவன் ஆயிரத்திருநூற்றைக் கடந்திருப்பான். எண்ணினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. முன்னவன் ஒவ்வோராண்டும் மறந்ததை மீட்கின்றான். பின்னவன் கற்றதன்மேற் கட்டுகின்றான்.

போரும் இடப்பெயர்வும் 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளும் இக்கரையிலே எத்தனையோ வீடுகளின் ஒழுங்கைக் குலைத்தன. வீணையும் வயலினும் தவிலும் கைவிடப்பட்ட காலங்கள் இருந்தன. மிடற்றை மட்டும் எவரும் விட்டுச்செல்லவில்லை. ஆதலால் மீண்டும் தொடங்குவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பாடசாலைகளிற் காலை வழிபாட்டிலே தேவாரம் பாடப்படுகின்றது. அது கடமைக்காகப் பாடப்படாமல், சுருதி கூட்டி, உரிய பண்ணிலே, நாளுக்கொரு பதிகமாகப் பாடப்படுமாயின், மாணவர் அனைவர்க்கும் அதுவே நாட்பயிற்சியாகும். கோணமலைப் பதிகத்தைப் புறநீர்மையிற் பாடத் தெரிந்த மாணவர் நம் பாடசாலைதோறும் இருத்தல் வேண்டும். சங்கீதம் கற்போர் அதன்மேலும் விடியலிலே அரைமணிநேரம் முதற்காலத்திற் பாடிவருதல் வேண்டும். அது கேட்போர் இல்லாத பாட்டு; கைதட்டல் இல்லாத பாட்டு; தன் செவி ஒன்றே அவையாக அமைந்த பாட்டு. அந்த அவையை நிறைவு செய்தவனுக்கு வேறெந்த அவையும் அச்சந்தராது.

ஏட்டிலும் ஒலிப்பதிவிலும் இசை முழுவதும் பத்திரமாக உள்ளது என்று நாம் அமைதிகொள்ளலாகாது. ஒலிப்பதிவு, ஒருவர் ஒருநாட் பாடியதைக் காக்கும். பாடும் ஆற்றலைக் காவாது. யாழின் வரலாறும் எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் வரலாறும் நம்முன் இருவழிகளாக நிற்கின்றன. ஒன்று, மேதையொருவர் பின்னர் வந்து ஆராய்ந்து மீட்கவேண்டிய நிலை. மற்றொன்று, ஆராய்ச்சியே வேண்டாதவாறு வீட்டிலே பாடிக்கொண்டிருக்கும் நிலை. எவ்வழி நம்முடையது என்பதை விழாமேடைகள் முடிவு செய்யப்போவதில்லை. நாளை விடியலிலே எத்தனை வீடுகளிற் சுருதி கேட்கின்றது என்பதே முடிவு செய்யும்.